அரை ஆள் மூச்சு

"அரை ஆள் குறையுதுன்னா குறையுது! நானா சொல்றேன்? நிர்வாகம் சொல்லுது!"

"எங்க வீட்டு மூச்சை எண்ண உங்களுக்கு யாருக்கா அதிகாரம் குடுத்தா?"

"சட்டம் குடுத்திருக்கு. திறந்த தரவுச் சட்டம், பிரிவு நாலு. படிச்சுக் காட்டவா?"

"ஒண்ணும் படிக்க வேண்டாம். வாயை மூடினா போதும்."

"நான் மூடிக்கறேன். இருபத்திமூணாம் வீட்டுல அரை ஆள் கூடுதலா மூச்சு விடுதே, அதை யாரு மூடறது?"

செவ்வாய்க் கோளின் ஐந்தாம் குமிழியில், கீழ்த்தளத்தில், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் காலை எட்டு மணிக்கு இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கேனோடு வரிசையில் நின்ற இருபது பேரில் ஒருவரும் பிடிக்கவில்லை. தண்ணீர் நாளைக்கும் வரும். இப்படி ஒரு சண்டை வருமா?

அதிகாரத்தோடு பேசியவள் ஆண்டாள், குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஒன்பதாம் வீடு. எதிர்த்துப் பேசி முகம் சிவந்து நின்றவள் சுபத்ரா, நீர் சுத்திகரிப்பு ஆலையில் மேற்பார்வையாளர், பதினேழாம் வீடு. குறைந்துபோன அரை ஆள், சுபத்ராவின் கணவன் குணாளன்.

ஒரு ஆள் எப்படிப் பாதியாகக் குறைவான் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குமிழிக்குள் காற்று சும்மா கிடைப்பதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழாய் நல்ல காற்றைக் கொடுக்கும், இன்னொரு குழாய் மூச்சுவிட்ட காற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். எடுக்கும் குழாயின் வாயில் மூச்சளவி என்று ஒரு கருவி. அதில் சேரும் கரியமில வாயுவை வைத்து உள்ளே எத்தனை பேர் மூச்சுவிடுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். இந்த எண்களை நிர்வாகம் கால் மணிக்கு ஒருமுறை பொதுவில் வெளியிடும். எந்தக் குடிமகனும் எடுத்துச் செயலி செய்யலாம். அந்தரங்கம் காக்கப்படுகிறது, பெயரே கிடையாது, கதவு எண் மட்டும்தான் என்று நிர்வாகம் பெருமையாக அறிவித்தது. நாலாயிரம் பேர் வாழும் குமிழியில் எந்தக் கதவுக்குப் பின்னால் யார் என்று தெரியாத ஜீவன் இன்னும் பிறக்கவில்லை என்பது நிர்வாகத்துக்குத் தெரியாதுபோல.

போன வருடம் 'குடிமக்கள் செயலித் திருவிழா' என்று ஒன்று நடத்தினார்கள். முதல் பரிசு, வடிகட்டி பழுதுபார்க்கும் மங்கையர்க்கரசி செய்த 'கசிவு' என்ற செயலிக்கு. ஒரு வீட்டில் இருக்க வேண்டிய மூச்சும் அளந்த மூச்சும் பொருந்தாவிட்டால் சிவப்புப் புள்ளி காட்டும். குழாய் ஓட்டையை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். இரண்டாம் பரிசு, லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று சொல்லும் செயலிக்கு. குமிழியில் இருப்பது ஒரே லிஃப்ட், இரண்டே மாடி. மங்கைக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தார்கள். செயலியைப் பத்தொன்பது பேர் இறக்கிக்கொண்டார்கள். அதில் ஏழு பேர் நடுவர்கள், ஒருத்தி அவள் அம்மா.

அப்புறம்தான் அது ஆண்டாள் கையில் கிடைத்தது. சிவப்புப் புள்ளி என்றால் ஓட்டை என்றா அவள் படிப்பாள்? இருக்க வேண்டியவர் இல்லை என்று படித்தாள். ஒரே வாரத்தில் மூவாயிரத்து அறுநூறு பேர் செயலியை இறக்கிக்கொண்டார்கள்.

குணாளன் பனிச்சுரங்கத்தில் காலை வேலை முடித்து, மதியம் வீட்டுக்கு வந்து தூங்குபவன். அந்த நேரத்தில் சுபத்ரா ஆலையில் இருப்பாள். ஆகவே பிற்பகலில் பதினேழாம் வீட்டில் ஒரு ஆள் மூச்சு இருக்க வேண்டும். பத்து நாளாக அரை ஆள்தான் இருந்தது. முதுகோடு முதுகு ஒட்டிய இருபத்திமூன்றாம் வீட்டில் தனியாக இருக்கும் ரெஜினா, அதே நேரத்தில் ஒன்றரை ஆளாக மூச்சுவிட்டாள். கூட்டல் கழித்தல் தெரிந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

"அது ஆள் இல்லக்கா," என்றாள் வரிசையின் கடைசியில் நின்ற மங்கை. "பொதுச்சுவர்ல போற குழாய்ல விரிசல். பிற்பகல் வெயில்ல குழாய் விரியுது, விரிசல் திறக்குது. சாயங்காலம் சுருங்கி மூடிக்குது. எண்ணுல பேர் இல்ல. எண்ணை வச்சு ஒரு மனுஷனைக் குத்தம் சொல்லக் கூடாது."

"நீ சும்மா இரு மங்கை. செயலி செஞ்சது நீ. படிக்கத் தெரிஞ்சவ நான்."

இருபத்திமூன்றாம் வீட்டு ரெஜினாவும் கேனோடு அங்கேதான் நின்றாள். "எனக்கு எதுக்குடி அரை ஆம்பளை? ஆசைப்பட்டா முழுசா ஆசைப்பட மாட்டேனா?" என்று கத்தினாள். வரிசை குலுங்கிச் சிரித்தது. சுபத்ரா மட்டும் சிரிக்கவில்லை. காலிக் கேனோடு திரும்பி வீட்டுக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் குணாளன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். "நான் தூங்கிட்டுதான் இருந்தேன் சுபா, சத்தியமா."

"தூங்கறவன் பாதி மூச்சுதான் விடுவானா?"

"அதை அந்தக் கருவிய கேளு."

"கருவி எதுக்குப் பொய் சொல்லணும், அதுக்கு என்ன லாபம்? வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். இது என்னன்னு தெரியலேன்னா நான் மூணாம் குமிழிக்குப் போயிடறேன்னு மாத்தல் எழுதிக் குடுத்துடுவேன்."

மாற்றல் விண்ணப்பத்தை எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, சாப்பாட்டு மேசையில் குணாளன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்று வேளையும் அதைப் பார்த்துக்கொண்டே அவன் சாப்பிட்டான்.

மங்கைக்குக் கவலை வேறு. விரிசல் தினமும் வளர்கிறது என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். இன்னும் சில நாள் போனால் அந்தச் சுவரை ஒட்டிய வெளி உறை பிளக்கும். வெளி உறை பிளந்தால் அந்த வரிசையில் அறுபது வீட்டுக்குக் காற்று இல்லை. பழுதுக்குழு உடனே வர வேண்டும். ஆனால் குடிமக்கள் புகார் விதி என்று ஒன்று உண்டு: ஐம்பது பேர் வழிமொழிந்தால்தான் ஆள் வரும். 'பதினேழு, இருபத்திமூன்று பொதுச்சுவர்க் குழாயில் அழுத்த இழப்பு: ஆய்வு கோரி' என்று அவள் போட்ட புகாரை மூன்று பேர் வழிமொழிந்தார்கள். அவள், அவள் அம்மா, குணாளன்.

சங்கத்துக்குப் போனாள். "அடுத்த மாசக் கூட்டத்துல வை, பேசலாம்," என்றாள் ஆண்டாள், செயலியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வியாழக்கிழமை காலை மங்கை அந்தப் புகாரின் தலைப்பை மட்டும் மாற்றினாள். மற்ற எழுத்தில் கைவைக்கவில்லை. புதுத் தலைப்பு: 'பதினேழுக்கும் இருபத்திமூன்றுக்கும் நடுவே ரகசிய வழியா? சுவரைத் திறந்து பார்க்க வேண்டுமா?'

ஒன்பது நிமிடத்தில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர் வழிமொழிந்தார்கள். ஆண்டாள் இரண்டு முறை. ஒன்று, காலமான கணவரின் கணக்கிலிருந்து.

பழுதுக்குழு வேலாயுதம் கருவிப்பெட்டியோடு வந்தபோது நடைபாதையில் நிற்க இடமில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுண்டல் வந்திருந்தது. ஆண்டாளின் தங்கை பூங்குழலி எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். பூங்குழலி அக்காவோடு ஒன்பதாம் வீட்டில் இருப்பவள், பாசிப் பண்ணையில் காலை வேலை, பிற்பகலில் ஓய்வு. அக்கா பேசுகிற பேச்சில் பத்தில் ஒரு பங்குகூடப் பேச மாட்டாள். பேச அவளுக்கு யார் இடம் கொடுத்தார்கள்?

வேலாயுதம் சுவர்த்தகட்டைக் கழற்றினார். வழியும் இல்லை, ஆளும் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விரிசல், பொடிப்பொடியாக உதிர்ந்த ரப்பர் வளையம், பாம்பு சீறுவதுபோல் ஒரு சத்தம். அவர் கையை உள்ளே விட்டு வெளி உறையைத் தடவினார்.

"இன்னும் ரெண்டு நாள். அதுக்கு மேல தாங்கியிருக்காது," என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் ஏமாற்றத்தோடு கேட்டது: "அப்ப ஆள் இல்லையா?"

சுபத்ரா நானூறு பேர் பார்க்கக் கணவன் கையைப் பிடித்து அழுதாள். மாற்றல் விண்ணப்பத்தை அங்கேயே கிழித்தாள். இனி எந்தச் செயலியில் எது வந்தாலும் உன்னைச் சந்தேகப்படமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுண்டலை முடித்தார்கள்.

நிர்வாகம் 'தரவு விழிப்புணர்வு விருது' ஒன்றைப் புதிதாக உண்டாக்கி, மக்களைத் திரட்டியதற்காக ஆண்டாளுக்குக் கொடுத்தது. மங்கைக்குப் போன வருடமே பொன்னாடை போர்த்திவிட்டதால் இந்த வருடம் இல்லை. ஆண்டாள் மேடையேறி, "எண்ணுல பேர் இல்ல. எண்ணை வச்சு ஒரு மனுஷனைக் குத்தம் சொல்லக் கூடாது," என்று பேசினாள். பலத்த கைதட்டல்.

குமிழியில் ஒரு வழக்கம் உண்டு. மன்னிப்பை வாயால் கேட்டால் செல்லாது. பழி சொன்னவர், பழி சுமந்தவருக்கு ஏழு நாள் சமைத்து வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ரெஜினா முதல் நாளே, "உப்பு போதாது," என்று சொல்லியனுப்பினாள். குணாளன் குறையே சொல்லவில்லை. ஆண்டாளுக்கு ஒவ்வொரு குமிழியிலும் பாராட்டு விழா. சமைக்க நேரம் ஏது? பூங்குழலிதான் சமைத்தாள். பூங்குழலிதான் பிற்பகலில் பதினேழாம் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஏழு நாள் முடிந்தது. எட்டாம் நாளும் சாப்பாடு போனது. பதினைந்தாம் நாள், வழியில் சூடு ஆறிப்போகிறது என்று குணாளன் ஒன்பதாம் வீட்டுக்கே போய்ச் சாப்பிட ஆரம்பித்தான்.

செயலியில் பதினேழாம் வீடு மறுபடி சிவந்தது. பிற்பகலில் முக்கால் ஆள் குறைவு. ஒன்பதாம் வீட்டில் முக்கால் ஆள் கூடுதல். நாலாயிரம் பேரும் பார்த்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும்தான் திருந்திவிட்டார்களே!

"கசிவுதான்," என்றாள் சுபத்ரா. அவளே புகார் போட்டாள். முதலில் வழிமொழிந்தது ஆண்டாள். இந்த முறை ஒரே ஒரு கணக்கிலிருந்துதான். அரை மணி நேரத்தில் ஆயிரம் பேர் சேர்ந்துகொண்டார்கள்.

மங்கை மட்டும் எண்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஆண்டாளிடம் போனாள். "அக்கா, பதினேழுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல குழாயே கிடையாது. ஒண்ணு இந்தக் கோடி, ஒண்ணு அந்தக் கோடி. இது கசிவு இல்ல."

"அப்ப என்ன?"

"நீங்க பிற்பகல்ல ஒரு நாள் வீட்டுக்குப் போய்ப் பாருங்க."

"பாத்தியா பாத்தியா! எண்ணை வச்சு மனுஷங்களைத் தப்பா பேசலாமா மங்கை? இதை நான் ஆறு மேடையில சொல்லியாச்சு. செஞ்ச நீயே கத்துக்கலியே!"

வேலாயுதம் வந்தார். பதினேழாம் வீட்டுச் சுவரைப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. ஒன்பதாம் வீட்டுக் கதவைத் தட்டினார். பூங்குழலி திறக்கக் கொஞ்சம் நேரமானது. உள்ளே குணாளன் இலைக்கு முன்னால் உட்கார்ந்து ரசத்துக்குக் காத்திருந்தான். "வாங்கண்ணே, சாப்பிடறீங்களா?" என்று கேட்கவும் செய்தான். வேலாயுதத்தின் படிவத்தில் இரண்டே கட்டங்கள்: கசிவு உண்டு, கசிவு இல்லை. இல்லை என்பதில் கோடு போட்டுக் கையெழுத்திட்டுப் போனார்.

ஆண்டாள் ஒப்புக்கொள்ளவில்லை. மறு ஆய்வு கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்ததால், தொந்தரவு தாங்காமல் நிர்வாகம் அவள் வீட்டுச் சுவருக்கு இரண்டு முறை பசை பூசிக் கொடுத்தது. முக்கால் ஆள் அப்போதும் குறையவில்லை. மூன்றாம் மாதம் முழு ஆளாகிவிட்டது.

பூங்குழலியும் குணாளனும் இரண்டாம் குமிழிக்குப் போய்விட்டார்கள். விவாகரத்து ஆறு மாதத்தில் முடிந்தது; அடுத்த வாரமே பதிவுத் திருமணம், சாட்சிக் கையெழுத்து வேலாயுதம். சுபத்ரா இன்னொரு மாற்றல் விண்ணப்பம் எழுதினாள்; இந்த முறை கையெழுத்தும் போட்டு மூன்றாம் குமிழிக்குப் போனாள். அங்கே இன்னும் தரவைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிய, ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சர்க்கரை கேட்கிறார்கள். போன மாதம் ரெஜினாவும் அங்கேயே போய், சுபத்ராவோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். யார் வந்து கிண்ணம் நீட்டினாலும் இருவரும் சேர்ந்துதான் கதவைத் திறக்கிறார்களாம். மங்கையர்க்கரசி, லிஃப்ட் செயலிக்காரனைக் கட்டிக்கொண்டு மேல்மாடிக்குக் குடிபோனாள்.

ஆண்டாள் எங்கும் போகவில்லை. ஒன்பதாம் வீட்டில் தனியாக இருக்கிறாள், கால் மணிக்கு ஒருமுறை செயலியைத் திறந்து தன் கதவு எண்ணைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு ஆள், பச்சைப் புள்ளி. போன வாரம் புகார் போட்டிருக்கிறாள், தன் வீட்டு மூச்சளவி குறைவாகக் காட்டுகிறது என்று. இதுவரை வழிமொழிந்தவர் ஒருவர்.