நான்காவது அடி

நான்காவது அடி தாமதமாக விழுந்தது. மயிரிழைதான். ஆனால் தாளம் போடுவது மனிதன் இல்லை, மேசைமேல் இருக்கும் டிரம் மெஷின்; அதற்கு எங்கிருந்து வரும் தாமதம்?

ஸ்டாதிஸ் கிதாரை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தான். ஏதென்ஸில், அடுக்குமாடி ஒன்றின் நிலவறைதான் ஸ்டூடியோ. மதிய உறக்கத்தில் தெருவே அடங்கிக் கிடக்க, ஈரச்சுவரின் பூஞ்சணமும் ஆறிய காபியும் சேர்ந்து நாற, அவனுடைய பிளாக் மெட்டல் ராக் குழுவின் முதல் ஆல்பத்தில் கடைசிப் பாட்டு பதிவாகிக்கொண்டிருந்தது. மூன்று அடி. ஒரு மூச்சு. நான்காவது.

அப்படி வாசித்தவன் ஒருவன்தான், குழுவில் முன்பு டிரம் வாசித்த அர்கீரிஸ். "கையில வாதமாடா உனக்கு? மெஷின் உன்னைவிட ஒழுங்கா வாசிக்கும், போ" என்று மூன்று வருஷம் முன்னால் ஸ்டாதிஸ்தான் அவனைத் துரத்தினான். அதே வாரம் பைக்கோடு லாரிக்கடியில் போய்ச் சேர்ந்தான் அவன். மெட்டெல்லாம் அவனுடையது. ஆல்பத்தின் உறையில் ஸ்டாதிஸ் பெயர் மட்டும்.

"அந்த மெஷினை நிறுத்துங்கண்ணே."

ஒலிப்பதிவாளர் பன்டெலிஸ் வெளிறிப்போய்த் திரும்பினார். "வயரையே பிடுங்கிட்டேன்டா."

வயர் அவர் கையில் தொங்கியது. தாளம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை இடுகாட்டில் அர்கீரிஸைத் தோண்டினார்கள். அந்த ஊர் வழக்கப்படி குழியில் மூன்று வருஷம்தான் இடம். அப்புறம் எலும்பை ஒயினில் கழுவிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அவன் அம்மா ஸ்தமாதியா கூப்பிட்டிருந்தாள். ஸ்டாதிஸால் தட்ட முடியவில்லை.

எலும்புகள் மஞ்சளாக, சுத்தமாக வந்தன. கைகள் மட்டும் அப்படியே இருந்தன. தோல். நகம். மணிக்கட்டு வரைக்கும்.

வெட்டியான் சிலுவை போட்டுக்கொண்டார். "மண்ணு கரைக்கலைன்னா யாரோ அநியாயம் பண்ணியிருக்காங்கம்மா. அந்த ஆளு தொட்டு மன்னிப்புக் கேட்டாத்தான் கரையும்."

அம்மா ஸ்டாதிஸைப் பார்த்தாள். "கேளுய்யா. ஒரு வார்த்தை. எம்புள்ள அடங்கட்டும்."

கேட்டால் மெட்டு அர்கீரிஸுடையது என்று ஆகிவிடும். உறையில் பெயர் போட வேண்டிவரும். பாழாய்ப்போன வீம்பு விடவில்லை. குனிந்து அந்தச் சில்லிட்ட விரல்களைத் தொட்டான்.

"போகட்டும்டா அர்கீரிஸ். உன்னை நான் மன்னிச்சிட்டேன்."

"நீயா?" அம்மா நிமிர்ந்தாள். "நீயாடா அவனை மன்னிக்கிற?"

எலும்புகளை ஒவ்வொன்றாகக் கழுவினாள். அந்தக் கைகளையும் ஒயினில் கழுவினாள். எலும்புகளோடு தகரப் பெட்டியில் வைத்து மூடி ஸ்டாதிஸிடம் நீட்டினாள். "எலும்பு வைக்கிற மண்டபம் வரைக்கும் நீயே தூக்கிட்டு வா."

நல்ல வெயில். சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே நடந்தான். பெட்டிக்குள் ஓர் அடி.

நின்றான்.

இரண்டு. மூன்று.

ஒரு மூச்சு.

மூடி மெல்ல உயர்ந்தது. ஒயின் சொட்டும் விரல்கள் விளிம்பைத் தடவி வந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்தன. நான்காவது அடி அவன் நாடியில் விழுந்தது. தாமதமாக.