பிரேக்கிலிருந்து காலை எடு

வீல்...!

அலறியது பல் டாக்டரின் மனைவி.

கார் ஷெட்டின் சுவருக்கும் அந்தச் சின்ன காரின் பம்பருக்கும் நடுவே டாக்டர் நசுங்கிச் சரிந்திருந்தார். உயிர் இல்லை. காலை ஏழரை மணி. எஞ்சின் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது...

இன்ஸ்பெக்டர் வந்தபோது அவள் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். காரை ஸ்டார்ட் செய்தது அவள்தான். மறந்துபோன போனை எடுக்க உள்ளே ஓடியதும் அவள்தான். கியரை நியூட்ரலில் விட்டாளா, டிரைவில் விட்டாளா... ஞாபகமில்லை.

"நான்தான் சார் அவரைக் கொன்னுட்டேன்."

"அழாதீங்க அண்ணி. வேணும்னேவா செஞ்சீங்க?" என்று தேற்றினான் கொழுந்தன். டாக்டரின் தம்பி. கிளினிக்கில் அவருக்கு உதவியாளன்.

நடந்ததைப் பார்த்தவன் அவன் மட்டும்தான். அண்ணி உள்ளே போனதும் அண்ணன் முன் கண்ணாடியைத் துடைக்கப் போனாராம். கார் தானாக நகர்ந்ததாம். அவன் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

"கார்ல யாராவது இருந்தாங்களா?"

"யாருமே இல்ல சார். ஆட்டோமேட்டிக் வண்டி. டிரைவ்ல போட்டுட்டு பிரேக்கை விட்டா தானா ஊரும். என் வண்டியும் அப்படித்தான்."

அதை எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

காரை எடுக்க வந்த மெக்கானிக், கியர் லிவரைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். காரைப் பத்தடி பின்னால் கொண்டுபோனார். டிரைவில் போட்டார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

ஒரு விநாடி... ஐந்து... பத்து...

கார் அசையவில்லை.

டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி. என்ற இரண்டு வகை ஆட்டோமேட்டிக்கிலும் காலை எடுத்தாலே வண்டி ஊரும் என்றார் மெக்கானிக். வாசலில் நின்ற தம்பியின் கார் சி.வி.டி. ஆனால் இது ஏ.எம்.டி. சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்ச் வேலையை மட்டும் நமக்குப் பதிலாக மெஷின் பார்த்துக்கொள்ளும். புது மாடல்களில் ஊரும் வசதி வந்துவிட்டது. இந்தப் பழசில் கிடையாது.

"ஆக்சிலேட்டரை மிதிச்சாத்தான் சார் இது கிளம்பும்."

தரையோ பலகை போல மட்டம்.

கொழுந்தனின் முகம் வெளுத்தது. "அப்போ... அண்ணிதான்..."

"அண்ணி வீட்டுக்குள்ள. அண்ணன் காருக்கு முன்னால. பாக்கி நீ ஒருத்தன்தான். நீயே எழுதிக் கொடுத்திருக்கே."

அதற்குமேல் அவனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. டாக்டர் இல்லாத நேரங்களில் அவனே டாக்டராகிப் பல் பிடுங்கியிருக்கிறான். நேற்று ஒரு நோயாளி மூலம் விஷயம் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. இன்று புகார் கொடுக்கக் கிளம்பியவரை...

"அப்போ... நான் கொல்லல?" என்றாள் அவள்.

"இல்லம்மா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இப்போதுதான் கணவனுக்காக அழத் தொடங்கினாள்.

இன்ஸ்பெக்டர் கொழுந்தனின் தோளில் கைபோட்டு வாசலுக்கு நடத்தினார்.

"எங்க ஜீப் மேனுவல்தான் தம்பி. ஆனா நீ எதையும் மிதிக்க வேண்டாம்... ஏறு."