இரவல் சிவப்பு

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அம்சவேணி தன் வீட்டுக் கழிவறைக் கதவுவரை போய், உள்ளே நுழையாமல் திரும்பி வந்தாள். தொண்டையில் தேங்காய் நார் சிக்கியதுபோல உறுத்தியது. இரண்டு முறை தண்ணீர் குடித்துப் பார்த்தாள். நார் இறங்கவில்லை.

ஊரில் அதற்கு நார்க்காய்ச்சல் என்று பெயர். மருத்துவப் பெயர் ஒன்றும் இருந்தது, அது செய்தி வாசிப்பவர்களுக்கே வாயில் நுழையவில்லை. கோவையில் முதல் ஆள் படுத்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் கடைகளில் அதிமதுரம் தீர்ந்துவிட்டது, கற்பூரவல்லிச் செடி வைத்திருந்தவர்கள் வீட்டுச் சுவரேறித் திருட்டு நடந்தது. லிஃப்டில் ஒருவர் தும்மினால் மற்றவர்கள் அடுத்த மாடியிலேயே இறங்கி நடந்தார்கள். எல்லோரும் பக்கத்து வீட்டைத்தான் சந்தேகப்பட்டார்கள். தன் வீட்டைச் சந்தேகப்படுகிற அளவுக்கு யாருக்கும் துணிச்சல் இல்லை.

துணிச்சல் இல்லாமல் போனதற்குக் காரணம் கழிவுணரி. உள்ளங்கை அளவுக் கருவி. ஒவ்வொரு வீட்டுக் கழிவறைக் குழாயிலும் பொருத்தியிருந்தார்கள். காய்ச்சல் வருவதற்கு முன்பே, கழிவில் கிருமி இருக்கிறதா என்று கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடும். இல்லையென்றால் வாசலுக்கு மேலே உள்ள விளக்கு பச்சை. வீட்டில் உள்ளவர்களின் கைப்பேசிக்குத் தினமும் பச்சைச்சீட்டு வரும், அதைக் காட்டினால் பேருந்து, கடை, ஆஸ்பத்திரி எல்லாம் திறக்கும். கிருமி இருந்தால் விளக்கு சிவப்பாகும், கதவு தானே பூட்டிக்கொள்ளும், இருபது நாளைக்குச் சோறு ஜன்னல் வழியாக. பொது இடங்களின் குழாயிலும் இதே கருவிதான், பலர் கழிவு கலப்பதால் அங்கே முடிவு தெரிய இரண்டு நாள் ஆகும். இதற்கு முந்தைய தொற்றின்போது பரிசோதனைக்குக் கூப்பிட்டால் ஜனங்கள் பின்வாசல் வழியாக ஓடினார்கள். ஆள் பொய் சொல்வான், குழாய் பொய் சொல்லாது என்று அதிகாரிகள் இதைக் கொண்டுவந்தார்கள். வந்த பிறகு ஆட்களைப் பரிசோதிக்கும் வழக்கமே நின்றுபோயிற்று.

அம்சவேணிக்குத் தன்னைப் பற்றிக் கவலையில்லை. இருபது நாள் கதவடைத்துக் கிடக்க அவள் தயார். அவள் கணவர் தர்மலிங்கத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டு வருஷம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். சிவப்பு வீட்டு ஆளை எந்த மையத்திலும் சேர்க்க மாட்டார்கள். சிவப்பு வீட்டுச் சிறுநீரக நோயாளிகளுக்குத் தனி வார்டு திறக்கப்போவதாக அரசு சொல்லிக்கொண்டே இருந்தது. போன வாரம் அவர்கள் மையத்தில் நான்காம் கட்டில்காரர் வீடு சிவப்பானது. மூன்று முறை தவறிப்போயிற்று. அவர் இப்போது இல்லை.

ஆகவே அவள் ஹாலில் படுத்தாள், தனித்தட்டு வைத்துக்கொண்டாள், வீட்டுக்குள்ளும் முகமூடி போட்டாள். புருஷனிடம் தூசி அலர்ஜி என்று சொல்லிவைத்தாள். மறுநாள் தர்மலிங்கம் கேட்டார்.

"அம்சா, நீ நம்ம பாத்ரூமுக்கே போறதில்லயே."

"நீங்க போறீங்கல்லங்க. குழாய்க்கு அது போதும்."

குழாய் ஒரு நாள் முழுக்கக் காய்ந்துகிடந்தால் சுகாதார ஆள் விசாரிக்க வருவான். இரண்டு பேர் உள்ள வீட்டில் ஒருவர் போய்வந்தால் அந்தத் தொல்லை இல்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அம்சவேணி பம்பு கம்பெனியில் தரச்சோதனைப் பிரிவில் இருபது வருஷமாக வேலை பார்ப்பவள். மீட்டர் தனக்குள் வருவதை மட்டுமே காட்டும், வராததைக் காட்டாது என்பது அவளுக்குத் தெரியும். இது தனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்ததுதான் அவள் செய்த தப்பு.

செவ்வாயும் புதனும் அவள் பெரிய வணிக வளாகத்துக்குப் போனாள். கடைகளில் ஈ ஆடியது. கழிவறை வாசலில் மட்டும் நாற்பது பேர் நின்றார்கள். நல்ல சட்டை போட்டவர்கள், கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோர் கைப்பேசியிலும் பச்சைச்சீட்டு இருந்தது. வியாழக்கிழமை அந்த வளாகத்தின் குழாய் சிவப்பு காட்டி இழுத்து மூடப்பட்டது. வணிக வளாகங்களால்தான் நோய் பரவுகிறது, வீடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பச்சை, வீட்டிலேயே இருங்கள் என்று செய்தியில் சொன்னார்கள். கேட்டவர்கள் எல்லாம் தலையாட்டியிருப்பார்கள்.

வியாழன் அன்று தர்மலிங்கத்தை மையத்தில் விட்டுவிட்டு அவள் மெயின் ரோட்டு மின்னேற்று நிலையத்துக்குப் போனாள். அங்கே கழிவறை வரிசையில் அவளுக்கு முன்னால் எதிர்வீட்டுச் சென்னியப்பன் நின்றார். அவர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். நாற்பத்தெட்டு வீட்டிலும் பச்சை என்று முந்தின நாள்தான் வாசலில் பேனர் கட்டியிருந்தார். அவளைப் பார்த்ததும் காருக்கு சார்ஜ் போட வந்ததாகச் சொன்னார். அவளும் ஸ்கூட்டருக்கு என்றாள். இருவரிடமும் வண்டி இல்லை. அவர் இரண்டு முறை இருமிவிட்டு, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

சனிக்கிழமைக்குள் மின்னேற்று நிலையம், பேருந்து நிலையம், இரண்டு கல்யாண மண்டபம் எல்லாம் சிவப்பாகி மூடிவிட்டார்கள். நகரத்தில் வீடுகள் மட்டும் பச்சையாக மின்னின. தர்மலிங்கம் உள்ளே கட்டிலில் படுத்திருக்க, அம்சவேணி மையத்தின் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கூடத்தின் ஓரத்தில், நோயாளிகளுடன் வருபவர்களுக்கான கழிவறை இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். இங்கே மட்டும் வேண்டாம், இங்கே மட்டும் வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வயிறு பிடித்து இழுத்தது. வியர்த்தது. மூன்று மணி நேரம் தாங்கினாள்.

நான்காவது மணியில் எழுந்தபோது அந்தக் கதவுக்கு முன்னால் ஏற்கெனவே ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு நோயாளியின் மனைவி, ஒருவரின் அண்ணன், ஒருவரின் மகள். எல்லோருக்கும் இவளை இரண்டு வருஷமாகத் தெரியும். கேரியரில் சோறு பகிர்ந்து சாப்பிட்டவர்கள். யாரும் நிமிரவில்லை. அம்சவேணி எட்டாவது ஆளாகப் போய் நின்றாள். அழுகை வந்தது, அழுதாள். முன்னால் நின்ற பெண்ணும் அழுதுகொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் போனபோது மையத்தின் கதவில் சிவப்புப் பட்டை ஒட்டியிருந்தது. உள்ளே பூட்டப்பட்டிருந்த ரெபேக்கா சிஸ்டர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று கைப்பேசியில் பேசினாள். பச்சைச்சீட்டு இல்லாத ஒருத்தரைக்கூட நாங்க உள்ள விடலயே, எப்படி வந்துச்சுன்னு தெரியலயே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்சவேணியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நகரத்தின் மற்ற மையங்களில் மூன்று அதே போல மூடியிருந்தன. திறந்திருந்த ஒன்றில் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

அன்று மாலையே அவள் தொண்டையில் இருந்த நார் போய்விட்டது. அதைக் கவனிக்க அவளுக்கு நேரமில்லை. புதன்கிழமை தர்மலிங்கத்தின் கால் வீங்கியது. வியாழக்கிழமை காலை அவரால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். சிவப்பு வீட்டுச் சிறுநீரக நோயாளிகளுக்கான தனி வார்டு நேற்றே திறந்துவிட்டதாகவும் அங்கே கட்டில்கள் காலியாக இருப்பதாகவும் செய்தியில் சொன்னார்கள். அம்சவேணி போன் செய்தாள். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையானவர்தான்.

"உங்க வீடு பச்சைன்னு வருதுங்களே. நல்லா இருக்கறவர நோயாளிங்க நடுவுல படுக்க வெக்க முடியாதுங்க. வீடு சிவப்பாச்சுன்னா சொல்லுங்க, அரை மணி நேரத்துல வண்டி வரும்."

அவள் போனை வைத்துவிட்டு நேராகக் கழிவறைக்குள் போனாள். ஒன்பது நாளுக்குப் பிறகு, தன் சொந்தக் கழிவறைக்கு. வெளியே வந்து வாசலில் நின்று விளக்கையே அண்ணாந்து பார்த்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. பச்சை. ஒரு சொம்பு தண்ணீர் குடித்து இன்னொரு முறை போனாள். பச்சை. கருவியில் பழுதே இல்லை. நோய்தான் அவளை விட்டுப் போயிருந்தது. ஒன்பது நாளாக வேண்டிக்கொண்டது நடந்துவிட்டதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

எதிர்வீட்டு மணியை அடித்தாள். சென்னியப்பன் கதவை ஒரு கை அகலம் திறந்தார். கண் சிவந்து, போர்வை போர்த்தியிருந்தார்.

"ஏனுங்ணா, ஒரே ஒரு உதவிங்க," என்றாள். "எங்க வீட்டு பாத்ரூமுக்கு ஒருக்கா வந்துட்டுப் போங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கேட்டார், "எதுக்குங் அம்மணி?"

"அவுரு மூச்சு விட முடியாம உக்காந்திருக்காருங்ணா. வீடு சிவப்பானாத்தான் வண்டி வருமாமா. கால் மணி நேரம் கழிச்சுத்தான் விளக்கு மாறும், அதுக்குள்ள நீங்க உங்க வீட்டுக்குப் போயிடலாம். நான் செத்தாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டனுங்க."

சென்னியப்பன் தலைக்கு மேலே கையைக் காட்டினார். "எங்க வீடு பச்சைங்க அம்மணி. பாத்துக்கங்க."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே போய் அவர் இருமுவது வெளியே நன்றாகவே கேட்டது.

அவள் அந்த மாடியில் இன்னும் ஐந்து கதவுகளைத் தட்டினாள். எல்லா வீட்டுக்குள்ளும் இருமல் இருந்தது. வெளியே வந்தவர்கள் எல்லோரும் ஆரோக்கியமாக இருந்தார்கள். ஒரு அம்மா மட்டும், பாவம் கண்ணு, சாமியக் கும்பிட்டுக்கோ என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கைகால் ஓய்ந்து தன் வாசலுக்குத் திரும்பியபோது நிலைப்படியில் ஒரு தயிர் டப்பா இருந்தது. மூடி இறுக்கமாகப் போட்டு, அதற்கு மேல் பிளாஸ்டிக் பையால் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. வராந்தாவில் ஆள் இல்லை. காப்பித்தூள், உறைமோர் என்று எத்தனையோ இரவல் வாங்கிய வராந்தா. அம்சவேணி அந்த டப்பாவை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு நேராகக் கழிவறைக்குள் போனாள்.

பதினான்காவது நிமிஷம் விளக்கு சிவப்பானது. கதவுக்குள் பூட்டு விழும் சத்தம் கேட்டதும் அவள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். தர்மலிங்கத்திடம் விஷயத்தைச் சொன்னாள்.

"காச்சக்காரங்க நடுவுலயா போறேன்?" என்றார் அவர், இரண்டு மூச்சுக்கு நடுவே.

"மூச்சு இருந்தாத்தானுங்க காச்சலுக்குப் பயப்படணும். முகமூடியக் கழட்டாதீங்க. யார் பக்கமும் திரும்பாதீங்க. சுவத்தப் பாத்துட்டே படுத்துக்கங்க."

சொன்னபடி அரை மணி நேரத்தில் வந்தார்கள். தலை முதல் கால் வரை கவச உடை போட்ட இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், கதவை மறுபடி பூட்டினார்கள். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் சென்னியப்பனின் அறிவிப்பு வந்தது. ஒரு குடும்பத்தின் அலட்சியத்தால் நம் குடியிருப்பின் பெயர் கெட்டுவிட்டது வருத்தமளிக்கிறது, அந்த வாசல் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள் என்று எழுதியிருந்தார். நாற்பது பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். அம்சவேணி அவரைத் திட்டவில்லை. அவளும் ஒரு கைகூப்பு போட்டாள்.

மாலை ஐந்து மணிக்குத் தர்மலிங்கம் போன் செய்தார். குரல் தெளிவாக இருந்தது. டயாலிசிஸ் நான்கு மணி நேரம் ஓடிவிட்டதாம், கால் வீக்கம் பாதி வடிந்துவிட்டதாம். அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"சுவத்தப் பாத்துத்தான படுத்திருக்கறீங்க?"

"எதுக்கு? இங்க பதினோரு பேரு இருக்கறோம், ஒருத்தருக்கும் காச்சல் இல்ல, அம்சா." அவர் சிரித்தார். "எல்லாம் நம்ம மையத்து ஆளுங்கதான். பக்கத்துக் கட்டில்காரரு வீட்டுக்கு டிபன் கேரியர்ல வந்துச்சாமா. அந்தப் பக்கத்துக்காரருக்கு மச்சினனே நேர்ல வந்து உதவி பண்ணிட்டுப் போனாராமா. எல்லாரும் முகமூடியக் கழட்டிப்போட்டுட்டு பேசிட்டிருக்கறோம். ஊருக்குள்ளயே நோயில்லாத இடம் இதுதான்னு பேசிக்கறோம்."

அம்சவேணியும் சிரித்தாள். அப்போது போனுக்குள், அவருக்கு மிக அருகில், யாரோ நெஞ்சு கிழிய இருமினார்கள். நிற்காமல் இருமினார்கள்.

"அது யாருங்க?"

"நர்சம்மா. ஊசியக் கழட்ட வந்திருக்குது. பாவம், காலையில இருந்து இப்படித்தான் இருமிட்டே இருக்குது. கவச உடையில மூச்சு முட்டுதுன்னு தலையில மாட்டறதக் கழட்டி வெச்சிருச்சு." அவர் யாரிடமோ ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினார். "பயப்படாத. வீடு பச்சைதானாமா. சீட்டக்கூடக் காட்டுச்சு."

அம்சவேணி எழுந்து கதவுக்கு ஓடினாள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அது இன்னும் இருபது நாளைக்குத் திறக்காது.