டன்ஸ்டல் காலி செய்யாத வீடு

ரேனல் காரை விட்டு இறங்கவில்லை. சாவியை மட்டும் ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"நீயே போய்ப் பாத்துட்டு வாய்யா ஆல்டன். காலி வீட்டுல எனக்கென்ன வேலை?"

பள்ளிப் பேருந்து ஓட்டிச் சேர்த்ததையெல்லாம் போட்டு, வரி பாக்கிக்காக ஏலம் போன இந்த வீட்டை எடுத்திருந்தாள். ஆனால் எங்கள் அலபாமா சட்டம் பொல்லாதது. பழைய சொந்தக்காரர் உள்ளேயே குடியிருந்தால், பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை அவருக்குத் தீராது. வீடு காலி என்று நான் பார்த்து எழுதினால்தான் என் இன்சூரன்ஸ் கம்பெனி சொத்துரிமைக்கு இன்சூரன்ஸ் தரும். அது இல்லாமல் எந்த வங்கியும் அவளுக்குக் கடன் தராது.

உள்ளே பூட்டிக் கிடந்த வீட்டின் புழுக்கம். அதற்குள் பன்றிக்கறி வறுபடும் வாசனை.

குளியலறையில் ஒரு கிழவர் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"மன்னிக்கணும். இன்சூரன்ஸ்ல இருந்து வரேன். வீடு காலியான்னு பாக்கணும்."

அவர் திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே, கன்னத்துத் தீத்தழும்பைச் சுற்றிக் கத்தியை ஓட்டினார்.

"நான் எங்கயும் போகலையே, தம்பி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே வந்து கத்தினேன்.

"ஏம்மா, உள்ள ஆள வச்சுக்கிட்டா காலின்னு சொன்ன? கன்னத்துல தீத்தழும்போட ஒரு பெரியவர் நிக்கிறாரு!"

ரேனலின் முகம் வெளிறியது.

"பழைய வீட்டுக்காரர் டன்ஸ்டலா? அந்தாளப் பொதைச்சாச்சுய்யா. சாவு வீட்டுக்கு நான்தான் கோழி வறுத்து எடுத்துட்டுப் போனேன்."

இருவரும் உள்ளே போனோம். யாரும் இல்லை. தொட்டியில் தூசி. குழாயைத் திருகினேன், காற்றுதான் வந்தது. வறுவல் வாசனையும் இல்லை.

"பொணத்துக்கு ஏது உரிமை? எழுதுய்யா," என்று கெஞ்சினாள். பாவமாக இருந்தது. வெயில் என்னை ஏமாற்றியதாகச் சமாதானம் சொல்லிக்கொண்டு, 'காலி' என்று எழுதினேன்.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

ரேனல் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளால் இடித்தாள்.

"எழுதினத அடிச்சிராதய்யா," என்றாள் அழுதுகொண்டே. "எனக்கு வேற போக்கிடம் இல்ல."

கதவுக்கு அந்தப்பக்கம், மிக அருகில், யாரோ தொண்டையைச் செருமினார்.

"பாக்கி எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லு, தம்பி. கட்டிடறேன்."