சூடான தலையணை

படுக்காத தலையணை சூடாக இருந்தது.

பூட்டு அதன் மேல் கையை வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். நடுவில் தலை அழுந்திய குழி. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி குழிக்குள் இளஞ்சூடு. அவளோ விடிய விடிய ஹால் சோபாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். படுக்கையறைப் பக்கமே வரவில்லை. கட்டிலின் மறுபாதியில் கணவன் சுவரைப் பார்த்துத் திரும்பி, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். அவன் தலை அவனுடைய தலையணையில்தான் இருந்தது.

புரண்டு வந்து படுத்திருப்பான் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உடனே எரிச்சல் வந்தது. இந்த மனுஷனுக்கு இரண்டு தலையணைத் தூக்கம். எனக்கு ஒரு சிட்டிகைக்கும் வழியில்லை.

பூட்டு என்பது டீம் வைத்த பேர். கால்பந்தில் அவள் கோல்கீப்பர். அவளைத் தாண்டிப் பந்து உள்ளே போவது அபூர்வம். போன மாதம் ஒரு மேட்ச்சில் பந்தை அணைக்கப் பாய்ந்தபோது எதிரணிக்காரியின் முழங்கால் அவள் நெற்றிப்பொட்டில் இடித்தது. ரத்தமில்லை. பெரிய வீக்கமும் இல்லை. உள்ளே மூளை குலுங்கியிருக்கிறது, ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றார் டீம் டாக்டர். முழுசாக ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் மூளை தாங்காது என்றும் சொன்னார்.

ஓய்வு! அன்றைக்குப் போன தூக்கம் போனதுதான். விளக்கை அணைத்த மறுகணம் வீடு முழுக்க விழித்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜ் ஒரு கிழட்டு வண்டைப் போல முனகும், குழாய் ஒரு சொட்டைத் தொண்டையில் வைத்துக்கொண்டு விடவா வேண்டாமா என்று யோசிக்கும், மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் நாக்கைச் சொடுக்கும், இத்தனைக்கும் நடுவே சலவைப் பொடி வாசனை போர்வையிலிருந்து கிளம்பி மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். வெந்நீரில் காலை வை என்றாள் அத்தை. நூறிலிருந்து தலைகீழாக எண்ணு என்றான் கணவன். எண்ணியெண்ணி அவளுக்கு எண்கள் மீதே வெறுப்பு வந்தது.

காலையில் அவன் பல் தேய்க்கும்போது கேட்டாள்.

"ராத்திரி என் தலையணைல படுத்தீங்களா?"

"நான் எதுக்கு? அங்கதான் நீ படுத்திருந்தியே."

"நான் ஹால்ல இருந்தேன்."

"சரிதான். நீ விட்ட கொறட்டைல எனக்குப் பாதித் தூக்கம் போச்சு. லிஃப்ட்ல பெல்ட் தேஞ்சா ஒரு சத்தம் வருமே, அச்சு அசல் அதே."

லிஃப்ட் பழுது பார்ப்பவன். எல்லாவற்றுக்கும் அவனுக்கு லிஃப்ட்தான்.

"விளையாடாதீங்க. நான் கண்ணையே மூடல."

"மூடாமதான் கொறட்டை விட்டியா?" நுரையோடு சிரித்தான். "அம்மாவைக் கேளு. எட்டிப் பாத்துட்டு, பாவம் பொண்ணு நல்லாத் தூங்கறான்னு சொல்லிட்டுப் போனாங்க."

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முட்டவும் முடியாது. அதுதான் கொடுமை.

அன்று இரவு சோபாவில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். படுக்கையறைக்குள்ளிருந்து கணவனின் மூச்சு வந்தது. அவசர மூச்சு, அவளுக்கு அத்துப்படி. அதனடியில் இன்னொன்று. மெதுவாக, ஆழமாக, இழுத்து, நிறுத்தி, விட்டு. மேட்ச் ஜெயித்த இரவுகளில் அவளே அடித்துப் போட்டாற்போல் தூங்குவாளே, அந்த மூச்சு. அவள் எழுந்தாள். மூச்சு தொடர்ந்தது. கதவருகே போனாள். தொடர்ந்தது. கதவைத் தள்ளினாள்.

நின்றது.

கட்டிலில் கணவன் மட்டும். பக்கத்தில் குழி. சூடு. அந்தக் குழியிலேயே விழுந்து, கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஒன்றும் வரவில்லை. சாப்பிட்டு வழித்த தட்டின் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மறுநாள் நடுப்பகலில் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். அவளைக் களத்தில் இறக்கலாமா வேண்டாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். திரையில் புள்ளி தோன்றத் தோன்றப் பொத்தானைத் தட்டும் டெஸ்ட் வைத்தார். சீசன் தொடக்கத்தில் எல்லோருக்கும் வைக்கிற அதே டெஸ்ட். அடிபட்டால் பழைய மார்க்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

"பிரமாதம்!" என்றார் டாக்டர். "பழைய மார்க்குக்கு ஒரு புள்ளிகூடக் குறையல. தாராளமா விளையாடலாம்."

பூட்டு நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"டாக்டர், அந்தப் பழைய மார்க்கே பொய். வேணும்னேதான் மந்தமா தட்டினேன். கேப்டன் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தது. பின்னாடி அடிபட்டாலும் அதே மார்க் வரும், வெளிய உக்கார வைக்க மாட்டாங்கன்னு."

"ஃபைனலுக்கு முன்னாடி பயம் வர்றது சகஜம்மா."

"பயமில்ல டாக்டர். தூக்கமே இல்ல. ஒரு நிமிஷம்கூட."

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். தூக்கத்தை அளக்க டீம் கொடுத்த கைப்பட்டையின் கணக்கு. இரவுக்கு இரவு நீலப் பட்டைகள். "ஆழ்ந்த தூக்கம். உங்க டீம்லயே நீங்கதான் நல்லாத் தூங்கறீங்க."

"நான் அதைக் கட்டறதே இல்ல. அரிக்குதுன்னு கட்டில்மேல கழட்டிப் போட்டேன்."

"அப்ப அதைக் கட்டிக்கிட்டுத் தூங்கறது யாரு?" என்று கேட்டுவிட்டு டாக்டர் சிரித்தார். "போங்க. வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்க."

வெயில் மண்டைக்குள் ஆணியாக இறங்கியது. தெருவெல்லாம் ஹாரன். ஒருத்தர்கூட நம்பவில்லையே என்ற ஆத்திரத்தில் நடந்தே வீட்டுக்கு வந்தாள். இன்றைக்குப் படுத்தே தீருவேன். வீட்டில் திரைகள் இழுத்துவிடப்பட்டிருந்தன. மங்கலில் அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். வந்தது மகன் என்று நினைத்துத் தலையைத் தூக்காமலே உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாடா. இப்பதான் கண்ணசந்தா. நான்தான் போர்த்திவிட்டு வந்தேன்."

"யாரு அத்தை?"

அத்தையின் கை நின்றது. மெல்ல நிமிர்ந்தாள். மருமகளைப் பார்த்தாள். படுக்கையறைக் கதவைப் பார்த்தாள். மறுபடி மருமகளை. மடித்த துண்டு மடியிலிருந்து சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை.

உள்ளே மூச்சு.

இழுத்து. நிறுத்தி. விட்டு.

பூட்டுக்கு அப்போதும் பயத்தைவிடக் கோபம்தான் முன்னால் வந்தது. கதவைத் தள்ளினாள். இந்தத் தடவை மூச்சு நிற்கவில்லை. அவள் பக்கத்துப் பாதியில், சுவரைப் பார்த்து, தோள்வரை போர்வை. போர்வைக்கு மேலே அவளுடைய கூந்தல். அவளுடைய வாசனை.

"எந்திரி."

மூச்சு.

"எந்திரிடீ! அது என்னோடது!"

தோளைப் பிடித்துத் திருப்பினாள். கனம். சூடு. அவள் முகம்தான். அடிபடுவதற்கு முந்தைய முகம். கண்ணடியில் கருமை இல்லை. கன்னத்தில் தலையணைத் தழும்பு. உதட்டோரம் எச்சில் கோடு. நிம்மதி.

உலுக்கினாள். கன்னத்தில் அறைந்தாள். அசையவில்லை.

கட்டைவிரலால் அதன் இமையைத் தூக்கினாள்.

கீழே கண் இல்லை. இன்னொரு இமை. மூடியிருந்தது. மேலே இருந்த இமை தளர்வாக, அந்த முகத்துக்குப் பொருந்தாமல், ஓரத்தில் சுருங்கி நின்றது. அதன் மயிர்கள் துடித்தன.

"ஏம்மா..." கதவருகே அத்தையின் குரல் உடைந்தது. "திரும்பாத. என்னைப் பாக்காத."

ஏன்?

கண் எரிந்தது. சிமிட்டப் பார்த்தாள். முடியவில்லை. மறுபடி. அறையின் வெளிச்சம் அணையவே இல்லை. கையை உயர்த்தினாள். விரல் நுனி புருவத்திலிருந்து மெல்ல இறங்கியது.

நேரே ஈரமான கருவிழியில் போய் நின்றது.