குளோரியின் கலக்கி

அன்றைக்கும் ஆலைத் திரை குளோரியின் பெயரைத்தான் சொன்னது. முதல் டீயும் அவளுக்கே போனது. மாசிலாமணிக்கு வயிறு எரிந்தது.

ராணிப்பேட்டையில் மாட்டுத்தோல் பதனிட்ட காலம் போய், தீக்காயம் பட்டவர்களுக்குத் தோல் வளர்க்கும் காலம் வந்திருந்தது. ஒவ்வொரு குடுவையிலும் ஒருவருடைய தோலணுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கலக்கி: மேலே மோட்டார், கீழே கலக்கும் தண்டு. இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும்; மயிரிழை விலகினாலும் தண்டு ஆடி, அணுக்களைக் கிழித்துவிடும். முன்பெல்லாம் அந்த ஆட்டத்தைக் கையால் தொட்டே பிடித்துவிடுவான் மாசிலாமணி. இப்போது கூரையிலிருந்து நேர்பழக்கி என்ற இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. காலையில் எது துளியும் ஆடாமல் ஓடுகிறதோ, அதுதான் அன்றைக்கு மாதிரிக் கலக்கி; அதை ஓட்டுபவர் பெயர் திரையில் வரும். மற்றவையெல்லாம் அதைப் பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்ளும்.

நேற்று வந்தவளிடம் என் கலக்கி பாடம் படிப்பதா என்று, தன் கலக்கியின் கற்றல் கம்பியை மட்டும் அவன் கழற்றிப் போட்டிருந்தான். அந்தக் குடுவையில் வளர்வது அவன் மனைவி பவுனின் முதுகுக்கான தோல். அடுப்பு வெடித்ததிலிருந்து அவள் குப்புறப் படுத்தே கிடக்கிறாள்.

குளோரி டம்ளர் கழுவப் போன நேரம், அவள் கலக்கியில் மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் திருகைக் கொஞ்சம் தளர்த்தினான். ஆடட்டும். நாளைக்கு வேறு பெயர் வரட்டும்.

ஆடியது. பக்கத்துக் கலக்கியும் அதேபோல ஆடியது. அப்புறம் அதற்குப் பக்கத்தில் இருந்தது. வரிசை முழுக்கச் சாமி வந்ததுபோல ஒரே தாளத்தில் குலுங்கியது. திரையிலோ எல்லாம் பச்சை. மாதிரியைப் போலவே ஓடுகிறவற்றில் நேர்பழக்கி என்ன குறை காணும்?

ஒன்றே ஒன்றுதான் சிவப்பு. ஆடாமல் ஓடிய மாசிலாமணியின் கலக்கி.

கூரையிலிருந்து நேர்பழக்கியின் இரும்புக் கை இறங்கிவந்து, தொங்கிய கம்பியைத் தேடி மாட்டியது. அவன் பிடித்து இழுத்தான், இரும்பு அசையவில்லை. பவுனின் குடுவை குலுங்கி நுரைக்கத் தொடங்கியது.

ஈரக்கையோடு குளோரி ஓடிவந்தாள். "என்னண்ணே இது, எல்லாமே ஆடுது?"

திருகுசாவியோடு பாய்ந்து போய், அவள் கலக்கியின் அந்தத் திருகை இறுக்கினான். வரிசை ஒவ்வொன்றாக அடங்கியது. நுரையும் அடங்கியது.

குளோரி திருகையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கயும் தொட்டுக்கூடப் பாக்கல. நேரா என் கலக்கிக்கே வந்துட்ட. எந்தத் திருகுன்னு உனக்கு எப்படிண்ணே தெரியும்?"

அவன் குனிந்த தலை நிமிராமல் தன் இடத்துக்கு வந்து மோட்டார்மேல் கை வைத்தான். ஒரு நடுக்கமில்லை. அவன் கையில் ஒருநாளும் இத்தனை அமைதியாக அது ஓடியதில்லை.

கம்பியை மறுபடி கழற்றக் கை போனது. பவுனின் குடுவை கண்ணில் பட்டதும், போன கை வெறுமனே திரும்பி வந்தது.