பால் கொண்டு வரச் சொன்னவள்

பக்கத்துக் கட்டில் அழகேசன் காலையில் மூன்று இட்லி தின்றுவிட்டு நாலாவதும் கேட்டவர். அவருடைய பிள்ளைகளுக்குத்தான் காப்பகத்து நர்ஸ் நளினி மிஸ்ஸி போன் போட்டாள். "மூணு மணிக்குள்ள பால் கொண்டாந்துருங்க லா. அப்பாவுக்கு இழுத்துக்கிட்டு இருக்கு."

யாருக்கு இழுக்கிறது? அடுத்த கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த காளிதாசனுக்குப் புரியவில்லை. தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வலது பக்கத்தையும் பேச்சையும் பறித்துக்கொண்ட பிறகு, மகள் யோகேஸ்வரி செமிலிங்கிலிருந்த இந்தக் காப்பகத்தில் சேர்த்திருந்தாள். கண் இருந்தது, காது இருந்தது, இடது கை கொஞ்சம் இருந்தது.

இரண்டரைக்கு மிஸ்ஸி அழகேசன் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள். அதன் அடியில் அவளுடைய வெள்ளைச் செருப்பு அசையாமல் நின்றது. டெட்டால் வாடை, கூரைத் தகரத்தில் மழை, அந்த இரைச்சலுக்கு நடுவே மருந்துக் குப்பியின் கழுத்து முறியும் சின்னச் சத்தம். பிள்ளைகள் வந்தபோது அழகேசனுக்கு உண்மையாகவே இழுத்துக்கொண்டிருந்தது. பால் ஊற்றினார்கள். போய்விட்டார். மூத்தவன் மிஸ்ஸியின் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"நேரத்த கரெக்டா சொல்லிட்டீங்க மிஸ்ஸி."

இந்த மாதத்தில் இது நாலாவது ஆள். அவள் குறித்த நேரத்துக்குச் சாவு வந்தது. அவள்தான் வரவழைத்தாள். ஐயோ, யாரிடம் சொல்வது? எந்த நாக்கால் சொல்வது? பயத்தில் காளிதாசனுக்கு அழுகை வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் முதல் தடவையாகத் தானே கரண்டி பிடித்துக் கஞ்சி குடித்தார். பார்த்துக்கொண்டிருந்த மிஸ்ஸி சிரித்தாள். போனை எடுத்தாள்.

"யோகேஸ்வரியா? ஜித்ராலேர்ந்து வர எவ்ளோ நேரமாகும்மா?"

திரை. ஊசி. தோளிலிருந்து நெஞ்சுக்குக் குளிர்.

மகள் ஓடி வந்தாள். அவளுடைய மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தார். கண்ணால் மிஸ்ஸியைக் காட்டினார். தோளைக் காட்டினார். பாரும்மா. ஐயோ, பாரு!

"பாசம் விடல பாருங்க," என்ற மிஸ்ஸி அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"அம்மாதான் ஆஸ்பத்திரியில ஒரு வாய்ப் பால் இல்லாம போயிட்டாங்க. அந்தக் கொற இன்னும் நெஞ்ச அறுக்குது மிஸ்ஸி. அப்பாவுக்காவது குடுத்து வச்சிருக்கே."

வாயை இறுக மூடினார். மிஸ்ஸியின் கட்டைவிரல் தாடையைத் திறந்தது. பால். வெதுவெதுப்பான பால். விழுங்க முடியவில்லை. தொண்டை நிறைந்தது. மூச்சு இல்லை.

யோகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாமியாரும் படுத்த படுக்கையா இருக்காங்க மிஸ்ஸி. உங்ககிட்டயே கொண்டாந்து விட்டுறவா?"

"கொண்டாங்க லா."

மங்கிக்கொண்டே போன அவர் கண்ணுக்கு முன்னால், அழகேசனின் காலிக் கட்டிலில் மிஸ்ஸி புது விரிப்பைப் போட்டு, சுருக்கம் போக உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தாள்.